கைவேலைப் பக்கம்: தோலில் செதுக்கும் புத்தக அடையாளம்



இந்த மாதம் பின்னல் ஊசியையும் கம்பளி நூலையும் சற்றே எடுத்து வைத்துவிட்டுத் தோலைக் கையில் எடுப்போம். காரணம், நமக்கு வந்த ஒரு கடிதம். பேராக் பக்கத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்து, இப்போது கிள்ளானில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய மகனுக்குப் பத்தொன்பது வயது. எஸ்.பி.எம். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். படம் வரைவதில் கெட்டிக்காரன். தோலில் பூவும் இலையும் செதுக்கிப் புத்தகத்துக்குள் வைக்கும் அடையாளத் துண்டு செய்வதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, "கத்தியும் தோலும் வாங்கிக் கொடு அம்மா, நான் செய்து விற்கிறேன்" என்கிறானாம். வீட்டில் தாத்தா இருக்கிறார். அவர், "செருப்புத் தைக்கிறவன் வேலை நம் வீட்டில் வேண்டாம்" என்று ஒரே பிடியாக நிற்கிறாராம். "இந்த வேலை வீட்டில் செய்யக்கூடியதா? நாலு காசு வருமா? பெரியவருக்கு நான் என்ன பதில் சொல்வது?" என்று மூன்று கேள்விகளை அந்தச் சகோதரி கேட்டிருக்கிறார்.

பெரியவருக்குத்தான் முதல் பதில். ஐயா, கோயிலில் நீங்கள் கைகட்டி நின்று கேட்கும் தவில் தோல்தான். கச்சேரி மேடையில் பட்டு விரிப்பில் வைக்கும் மிருதங்கத்தின் இரண்டு முகமும் தோல், அதை இழுத்துக் கட்டும் வாரும் தோல். முனிவர்கள் உட்கார்ந்த ஆசனமும் மான் தோல், புலித்தோல் என்றுதானே படிக்கிறோம்! தோலை ஏற்றுக்கொண்டோம், அதைப் பக்குவம் செய்து கொடுத்த கையைத்தான் தள்ளி வைத்தோம். அந்த வழக்கமும் நம்மவரோடு கப்பலேறி இங்கே வந்து, லயத்து வீடுகளிலும் நம்மைப் பிரித்து வைத்தது. மிருதங்கம் செய்யும் குடும்பங்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா 2020-இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். வாசித்தவர் பெயரைத் தெரிந்து வைத்திருந்த நமக்கு, செய்தவர் பெயர் அதுவரை தெரியாது. உங்கள் பேரன் செய்ய விரும்பும் வேலை கௌரவத்துக்குக் குறைவு என்று இந்தப் பக்கம் ஒருநாளும் சொல்லாது.

பசுத்தோல் வேண்டாம் என்று வீட்டில் நினைத்தால், அது வேறு விஷயம். அதற்கு மதிப்புக் கொடுக்கத்தான் வேண்டும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இப்போது தோலுக்கு வருவோம். கடையில் கிடைக்கும் எல்லாத் தோலிலும் செதுக்க முடியாது. இதை அறியாமல் பழைய கைப்பையை வெட்டியோ, சோபா தைக்கும் கடையில் மிஞ்சிய துண்டை வாங்கியோ ஆரம்பித்து, "எனக்கு வரவில்லை" என்று விட்டுவிடுகிறவர்கள் பலர். கைப்பை, சோபா, விளையாட்டுச் சப்பாத்து ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் குரோம் என்ற உலோக உப்பில் பதனிட்ட தோலைத்தான் பயன்படுத்துகிறார்கள். அது மெத்தென்று இருக்கும், அழுத்தினால் அமுங்கும், கையை எடுத்தால் பழையபடி எழுந்துவிடும். செதுக்கு வேலைக்கு வேண்டியது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல். கடையில் 'வெஜிடபிள் டேன்' என்று கேட்டால் தெரியும். இது சற்று விறைப்பாக, பால் கலந்த சந்தன நிறத்தில் இருக்கும். நனைத்தால் களிமண் போல இளகி, கொடுத்த வடிவத்தை வாங்கிக்கொண்டு, காய்ந்ததும் அப்படியே பிடித்துக்கொள்ளும்.

மரப்பட்டைப் பதனிடல் தமிழருக்குப் புதிதல்ல. ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, கடைசியில் கடுக்காய் நீரில் போட்டு எடுக்கும் தோல் திண்டுக்கல், திருச்சி, ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்களில் தயாராகி, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே லண்டன் சந்தைக்குக் கப்பலில் போனது. இதே தோலுக்கு இப்போது தமிழ்நாட்டின் பெயரில் புவிசார் குறியீடும் இருக்கிறது. பின்னால் குரோம் வந்தது. வாரக்கணக்கில் ஆன வேலை ஓரிரு நாளில் முடிந்தது. கழிவு நீர் பாலாற்றுப் படுகையைக் கெடுத்து, இந்திய உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய் 1996-இல் தீர்ப்பு வந்ததும் அந்தத் தொழில் பெருகியதால்தான். செதுக்குக் கலைக்கோ வேறு ஊர். ஸ்பெயின் நாட்டுத் தோல் வேலை மெக்சிகோவுக்குப் போய், அங்கிருந்து அமெரிக்காவில் மாடு மேய்ப்போரின் குதிரைச் சேணத்தில் பூவும் கொடியுமாகப் படர்ந்தது. அதைச் சேணம் செய்யும் பட்டறையிலிருந்து வீட்டு மேசைக்குக் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர் ஆல் ஸ்டோல்மன். 1919-இல் பிறந்து 1998-இல் மறைந்த அவர், படத்தோடு எழுதிய பாடப் புத்தகங்களை இன்றும் இந்தக் கலை கற்கிறவர்கள் விரித்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள்.

கடையில் தோலைச் சோதிப்பது எளிது. கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். கோடு நின்றால் நல்லது. மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அதை உறிஞ்சிக்கொண்டு அந்த இடம் கறுத்தால் மரப்பட்டைத் தோல். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். நடுவில் நீலச்சாம்பல் நிறம் தெரிந்தால் குரோம், வேண்டாம். 'அசல் தோல்' என்ற முத்திரையை மட்டும் நம்பி வாங்காதீர்கள். குரோம் தோலும் அசல் தோல்தான். நமக்கு உதவாது, அவ்வளவுதான்.

பசுத்தோல் வேண்டாம் என்பவர்கள் மரப்பட்டையில் பதனிட்ட எருமைத்தோல் கேட்டு வாங்கலாம். ஆட்டுத்தோல் மெல்லியது, அதில் கோடு அழுத்தலாம், ஆழமாகச் செதுக்க முடியாது. இன்னொன்றையும் மறக்காதீர்கள். கைவினைக் கடைகளில் பன்றித்தோலும் விற்கிறார்கள். முடித் துவாரங்கள் மும்மூன்றாகக் கூடி நிற்பதுதான் அதன் அடையாளம். பக்கத்து வீட்டு மலாய்க்காரருக்கோ பிள்ளையின் ஆசிரியருக்கோ பரிசாகக் கொடுக்க நினைத்தால், என்ன தோல் என்று கடைக்காரரிடம் தெளிவாகக் கேட்டுவிட்டு வாங்குங்கள். நம் ஊரில் இது சின்ன விஷயம் அல்ல.

தடிமன் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் போதும். தடித்த தோலில் செதுக்குவது சுலபம் என்று இரண்டரை மில்லிமீட்டர் தோலை எடுத்துச் செய்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். புத்தகத்துக்குள் வைத்தால் முதுகு பிளந்து தையல் தளர்ந்துவிடும். அளவு, ஒன்றரை அங்குல அகலம், ஆறு அங்குல நீளம். ஒரு சதுர அடியில் கணக்குப்படி பதினாறு துண்டு வரும். தழும்பு, சுருக்கம், கொசகொசவென்று தளர்ந்த வயிற்றுப் பகுதி எல்லாம் கழித்துப் பன்னிரண்டு நல்ல துண்டு கிடைத்தால் திருப்திப்படுங்கள்.

கருவிகளுக்கு வருவோம். கடைக்காரரோ இணையக் கடையோ முப்பது நாற்பது உருப்படி உள்ள பெட்டியைக் காட்டுவார்கள். வாங்க வேண்டாம். பணம் கொடுத்து வாங்க வேண்டியது இரண்டே இரண்டு. ஒன்று சுழல் கத்தி. 'ஸ்விவல் நைஃப்' என்பார்கள். ஆள்காட்டி விரலை மேலே உள்ள வளைவில் வைத்து, கட்டைவிரலாலும் நடுவிரலாலும் உடலைத் திருப்பினால் அலகு வளைந்து ஓடும். மற்றொன்று 'பெவலர்' என்னும் சரிவு அச்சுக்கோல். வெட்டிய கோட்டின் ஒரு பக்கத்தைச் சரித்து அமுக்குவது. மற்றதை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். பூவின் பின்னால் உள்ள வெற்றிடத்தைப் பொடிப்புள்ளியாக அமுக்க, பெரிய ஆணியின் முனையை அரத்தால் தட்டையாக ராவி, உப்புத்தாளில் தேய்த்து வழவழப்பாக்கிக் கொள்ளுங்கள். மை தீர்ந்த பேனா கோடு இழுக்க உதவும். எவர்சில்வர் தேக்கரண்டியின் காம்பு இதழைக் குழிக்க உதவும். அச்சுக்கோலைத் தட்ட இரும்புச் சுத்தி வேண்டாம்; அது கோலின் தலையைச் சிதைக்கும், அடியும் துள்ளும். தச்சர் வைத்திருக்கும் கொட்டாப்புளி சிறிதாக ஒன்று இருந்தால் அதுவே உத்தமம்.

அடியில் வைக்கக் கல் வேண்டும். மேசைப் பலகை துள்ளும். அடி தோலில் இறங்காது. சமையல் மேடைக்குக் கருங்கல் அறுக்கும் கடையில் உடைந்த துண்டு கேட்டால், பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள். ஓரடிச் சதுரம் போதும். வீட்டில் மூலையில் கிடக்கும் அம்மியை எடுக்கலாமா என்று கேட்பீர்கள். அம்மியின் முகம் கொத்தியிருக்கும். அந்தக் கொத்தெல்லாம் ஈரத்தோலின் அடியில் பதிந்துவிடும். அதோடு, அரைத்த மிளகாயின் நினைவு அந்தக் கல்லை விட்டு எளிதில் போகாது!

இனிச் சொல்லப்போவதுதான் இந்த வேலையின் உயிர். தோலுக்குத் தண்ணீர் காட்டும் பதம். சுத்தமான கடற்பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, தோலின் வழவழப்பான பக்கம் முழுவதும் ஒரே சீராகத் தடவுங்கள். பொட்டுப் பொட்டாகத் தடவினால் பொட்டுப் பொட்டாகவே கறை நிற்கும். தோல் உடனே கறுக்கும். அந்த நேரத்தில் கத்தியை எடுக்கக் கூடாது. காத்திருங்கள். மெல்ல மெல்லப் பழைய நிறம் திரும்பி வரும். ஏறக்குறைய பழைய நிறம் வந்துவிட்டது, ஆனால் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் சில்லென்று இருக்கிறது என்றால், அதுதான் பதம். பாகு கம்பிப் பதத்துக்கு வந்ததை விரல் நுனியில் தெரிந்துகொள்ளும் பெண்களுக்கு இதை நான் நீட்டி விளக்க வேண்டியதில்லை.

பதம் தப்பினால் என்ன ஆகும்? ஈரம் அதிகமானால் கத்தி வழுக்கும், கோடு இழுபடும், அச்சுக்கோல் அமுக்கிய இடம் சேற்றில் கால் வைத்தது போல மூடிக்கொள்ளும். ஈரம் போதாவிட்டால் கத்தி கரகரவென்று இழுக்கும். வளைவில் தோல் வெடிக்கும். சரியான பதத்தில் அமுக்கினால், அமுக்கிய இடம் தானாகவே காப்பி நிறமாகக் கறுத்துவிடும். சாயம் ஒன்றும் வேண்டாம். நல்ல செதுக்கு வேலையில் பூ வெளுத்தும் அதைச் சுற்றிய நிழல் கறுத்தும் தெரிவது பாதிக்குமேல் இந்தத் தண்ணீரின் வேலைதான். வேலை நடக்கும்போதே தோல் உலரும். அப்போது முழுதும் நனைக்காமல், பஞ்சால் லேசாக ஒற்றிக்கொண்டே போக வேண்டும். மின்விசிறியின் கீழ் உட்காராதீர்கள்.

சிலர் முதல் நாள் இரவே நனைத்துப் பிளாஸ்டிக் பையில் மூடி வைத்து, மறுநாள் காலை எடுப்பார்கள். உள்ளேவரை ஈரம் சீராகப் பரவும், நல்ல முறைதான். ஆனால் நம் நாட்டுப் புழுக்கத்தில் இரண்டு நாள் அப்படியே விட்டால் பூஞ்சணம் பூத்துவிடும். மறுநாள் செய்ய முடியாது என்று தெரிந்தால் பையோடு குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். வைத்திருப்பதை வீட்டாரிடம் சொல்லியும் வையுங்கள்.

நனைத்த மெல்லிய தோல் அடிக்க அடிக்க நீளும். ஆறு அங்குலம் ஆறேகாலாகி, பூவும் கோணிக்கொள்ளும். இதற்கு ஒரு சுலபமான வழி: நனைப்பதற்கு முன்பே தோலின் அடிப்பக்கத்தில் பெட்டி ஒட்டும் அகல டேப்பை ஒட்டிவிடுங்கள். வேலை முடிந்து காய்ந்த பிறகு மெதுவாக உரித்து எடுத்துவிடலாம்.

என்ன படம் செதுக்குவது? அமெரிக்கப் புத்தகங்களில் உள்ள காட்டு ரோஜாவும் குதிரைத் தலையும்தான் எங்கும் கிடைக்கின்றன. கற்றுக்கொள்ள அவை நல்லவை. விற்க நம்முடையதை எடுங்கள். 1960-இல் தேசிய மலராக்கப்பட்ட செம்பருத்தி ஐந்து இதழோடு ஒன்றரை அங்குலத்தில் அழகாக அடங்கும். நடுவிலிருந்து நீளும் தண்டு துண்டின் நீளத்துக்கே வரைந்தது போல இருக்கும். ரப்பர் மரத்தின் இலை ஒரு காம்பில் மூன்றாக வரும்; அதை மேலிருந்து கீழாக மூன்று கொத்து தொங்கவிட்டால், தோட்டத்தில் வளர்ந்த யாரும் பார்த்த உடனே சொல்லிவிடுவார்கள். மாங்காய், சிக்குக் கோலம் இரண்டும் பொருந்தும். கோலத்தில் கோட்டின்மேல் கோடு ஏறி இறங்குவதைச் சரிவாகக் காட்ட வேண்டியிருப்பதால் அது ஆரம்பக்காரருக்கு அல்ல. பெயர் எழுதுவதானால் துண்டின் நீளவாட்டத்தில் எழுதுங்கள். ஆங்கில எழுத்துபோல ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து தொங்கி, படிக்கவே முடியாது.

படத்தை டிரேசிங் காகிதத்தில் எடுத்து, பதமான தோல்மேல் வைத்து, மை தீர்ந்த பேனாவால் லேசாக வரைந்தால் தோலில் கோடு விழுந்துவிடும். ஈயப் பென்சிலால் தோலில் நேராக வரையாதீர்கள், அது போகாது. கார்பன் தாள் வேண்டவே வேண்டாம்.

இனிக் கத்தி. அலகைச் சற்று முன்சாய்த்து, தன்னை நோக்கி இழுக்க வேண்டும். ஆழம் தோலின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் பாதி. மெல்லிய தோலில் ஒரே அழுத்தத்தில் இந்த ஆழத்தைப் பிடிப்பதுதான் கஷ்டம் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் பால்மரம் வெட்டிய குடும்பத்தாருக்கு இது புரியாத வித்தையா? பட்டைக்குள் பால் இருக்கும் ஆழம்வரை கத்தி போக வேண்டும், உள்ளே இருக்கும் கட்டையைத் தொடக் கூடாது, தொட்டால் மரத்தில் காயம், கங்காணியிடம் ஏச்சு. விடியற்காலை இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரத்தில் அந்த ஆழத்தைத் தப்பாமல் பிடித்த கைகள் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. கிள்ளான் சகோதரியின் வீட்டுப் பெரியவரும் ஒரு காலத்தில் பால் வெட்டியவர் என்று கடிதத்தில் இருக்கிறது. பேரனுக்கு ஆழம் பிடிபடாதபோது, நாலு மரத்தை மனத்தில் வைத்து அவரே ஒரு கோடு இழுத்துக் காட்டட்டுமே!

கத்தி தீட்டுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கத்திக்குக் கூர் மட்டும் போதாது, அலகு கண்ணாடி போல மின்ன வேண்டும். ஒரு தட்டை அட்டையில் மெருகுப் பச்சைக் கட்டியைத் தேய்த்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அலகைப் பின்பக்கமாக இழுத்துத் தேய்த்துக்கொண்டே இருங்கள். முதலில் வெட்டும் கோடுகள் பூவுக்கு, பிறகு இலை, கடைசியில் காம்பு. முன்னால் இருப்பது முதலில் என்பதுதான் கணக்கு. கோடும் கோடும் குறுக்கே வெட்டிக்கொள்ளக் கூடாது. ஒன்று மற்றொன்றை நெருங்கும்போது கத்தியைத் தூக்கி, கோட்டை மெலிய விட்டு நிறுத்துங்கள்.

பிறகு சரிவு அச்சுக்கோல். கோலின் தடித்த ஓரம் வெட்டுக்குள் நிற்க, பூவுக்கு வெளிப்பக்கம் சரிய வேண்டும். உள்பக்கம் சரித்தால் பூ பள்ளத்தில் விழுந்துவிடும். கோலை முழுதும் எடுத்து எடுத்து வைக்காமல், தட்டிக்கொண்டே நூலளவு நகர்த்திக்கொண்டு போனால் படிப்படியாகத் தெரியாமல் சரிவு வழவழவென்று வரும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் இரவு பத்து மணிக்குமேல் இந்த வேலையைச் செய்யாமல் இருப்பது நல்லது. கல்லின் கீழே பழைய ரப்பர்த் தாளோ மடித்த சாக்கோ போட்டால் சத்தம் பாதியாகும். பின்புலப் புள்ளியை அவசரமில்லாமல், பக்கத்துப் பக்கத்தில், ஒரே ஆழத்தில் போடுங்கள். பார்ப்பவர் கண் முதலில் போவது அங்கேதான்.

ஒரு எச்சரிக்கை. ஈரமான தோலில் இரும்புத் தூள் விழுந்தால் நீலக்கறுப்பாகப் பொட்டு விழும். ஆணியை ராவிய கையோடு தோலைத் தொட்டால் அந்த விரல் அடையாளமே கறுப்பாக நிற்கும். பட்டைச் சாறும் இரும்பும் கூடினால் கறுப்பு. கடுக்காயும் இரும்பும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சியதும் இதே கணக்கில்தான். ஆகவே ஆணி ராவும் வேலையை வேறு நாளில், வேறு இடத்தில் செய்யுங்கள். இதே குணத்தை வைத்து, வினிகரில் இரும்புக் கம்பிச் சுருளை ஊறவிட்டுத் தோலுக்குக் கறுப்புச் சாயம் செய்கிறார்கள். இடைவாருக்கு அது மிக நல்ல சாயம். புத்தக அடையாளத்துக்கு நான் சொல்ல மாட்டேன். தோலில் தங்கும் இரும்பும் புளிப்பும் நாளடைவில் காகிதத்தை அரிக்கும்.

காய்ந்த பிறகு நிறம். என் யோசனை, சாயமே வேண்டாம். காலை வெயிலில் இரண்டு மூன்று நாள், நாளுக்குச் சில மணி நேரம் வைத்தால் மரப்பட்டைத் தோல் தானே தேன் நிறமாகக் கறுக்கும். காசும் செலவில்லை, காகிதத்தில் ஒட்டவும் ஒட்டாது. சாயம் வேண்டும் என்பவர்கள் பின்புலத்துக்கு மட்டும் அக்ரிலிக் வர்ணத்தை மெல்லிய தூரிகையால் பூசலாம். எண்ணெய் தடவக் கூடவே கூடாது. சேணத்துக்கும் செருப்புக்கும் எண்ணெய் உயிர்; புத்தகத்துக்குள் போகும் தோலில் தடவினால் பக்கத்துக்குப் பக்கம் வட்டக்கறை விழும். மேலே தேன்மெழுகை மிகச் சிறிதளவு தேய்த்து, பருத்தித் துணியால் பளபளக்கும்வரை துடைத்தால் போதும்.

ஓரம் கெட்டால் மொத்த வேலையும் கெட்டது போல் தெரியும். மெல்லிய உப்புத்தாளால் ஓரத்தை உருட்டி, ஈர விரலால் சவர்க்காரத்தைத் தொட்டுத் தடவி, தடித்த கித்தான் துணியால் சூடேறும்வரை அழுத்தித் தேயுங்கள். ஓரம் கண்ணாடிபோல் வந்துவிடும். மேல்முனையில் ஒரு துளை. அதில் பட்டு நூல் குஞ்சம். நம் ஓலைச்சுவடிக்கும் துளையும் கயிறும் உண்டு. கயிற்றின் நுனியில் கட்டும் துண்டுக்குக் கிளிமூக்கு என்று பெயர். தோலிலேயே சின்னதாக ஒரு கிளிமூக்கு வெட்டிக் குஞ்சத்தின் நுனியில் கட்டினால், யாரும் செய்யாத ஒன்றாக இருக்கும். நூலின் சாயம் போகிறதா என்று முதலில் வெள்ளைத் துணியை நனைத்துத் துடைத்துப் பார்த்துவிடுங்கள்.

செய்து முடித்ததை உடனே புத்தகத்தில் வைக்காதீர்கள், உடனே விற்கவும் விற்காதீர்கள். இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து, மேலே நாலு கனத்த புத்தகத்தை அடுக்கி ஒரு வாரம் விடுங்கள். தாளில் கறை இல்லாவிட்டால் அது தேறியது. கறை இருந்தால் மறுபடி துடைத்து, மறுபடி ஒரு வாரம். அப்படியும் தாத்தா காலத்துப் பழைய நூல், திரும்பக் கிடைக்காத பதிப்பு, ஏட்டுச்சுவடி இவற்றுக்குள் எந்தத் தோலையும் நிரந்தரமாக வைக்க வேண்டாம். மரப்பட்டைத் தோலில் இயற்கையாகவே கொஞ்சம் புளிப்பு இருக்கிறது. அன்றாடம் படிக்கும் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் நகர்வதால் அது ஒன்றும் செய்யாது. ஒரே பக்கத்தில் பத்து வருடம் கிடந்தால் செய்யும். இதை வாங்குகிறவரிடமும் சொல்லிவிடுங்கள்.

நாலு காசு வருமா என்ற கேள்விக்கு வருவோம். இதில் பொய் நம்பிக்கை கொடுக்க எனக்கு மனமில்லை. முதல் துண்டுக்கு அரைநாள் போகும். ஐம்பது அறுபது துண்டு செய்து கை பழகிய பிறகும், செம்பருத்தி ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரம் வேண்டும். நம் நாட்டில் 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மணிக்கு 8 வெள்ளி 17 காசு. ஒன்றரை மணிக்கு 12 வெள்ளிக்கு மேல் ஆகிறது. தோல், நூல், மெழுகு எல்லாம் சேர்த்து 2 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், 14 வெள்ளிக்குக் கீழே விற்கும் ஒவ்வொரு துண்டிலும் பையன் அந்தக் கூலிக்கும் குறைவாக உழைக்கிறான் என்று பொருள். யந்திரத்தில் ஒரே அழுத்தில் பூப்போட்ட துண்டு சந்தையில் இதைவிட எவ்வளவோ மலிவாகக் கிடைக்கிறது. பசார் மாலாமில் அதன் பக்கத்தில் கடை போட்டு விலையில் போட்டி போட்டால் தோல்விதான். தெரிந்தவர்கள், "நம்ம பையன்தானே, அஞ்சு வெள்ளிக்குக் கொடு" என்பார்கள். அங்கேதான் தாய் நடுவில் வந்து நிற்க வேண்டும்.

ஆகவே இதை முழுநேரப் பிழைப்பாக நம்பி வேறு வேலை தேடாமல் இருக்க வேண்டாம். ஒரு வேலையில் அமர்ந்துகொண்டு, மாலையில் இதைச் செய்யட்டும். யந்திரத்தால் முடியாத ஒன்றை அவன் விற்க வேண்டும்: கேட்டவர் பெயர், கேட்டவர் தோட்டத்தின் பெயர், அவர் கேட்ட பூ. மே 16 ஆசிரியர் தினம். அதற்கு இரண்டு மாதம் முன்பே ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரிடம் இரண்டு மாதிரியைக் காட்டினால் ஆர்டர் கிடைக்க வாய்ப்புண்டு. திருமணப் பதிவு, பணி ஓய்வு விருந்து இவற்றுக்கும் கேட்பார்கள். பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிக்கொள்ளட்டும். பெயரை மட்டும் வாயால் கேட்டு எழுதிக்கொள்ளக் கூடாது; வாங்குபவர் கையாலேயே தாளில் எழுதி வாங்க வேண்டும். வள்ளியம்மையை ஒருவர் 'மை' என்று முடிப்பார், இன்னொருவர் 'மா' என்று முடிப்பார். தோலில் வெட்டிய எழுத்தை அழிக்க ரப்பர் கிடையாது.